செடானை விடலாமா? அம்மாவின் முழங்காலிலிருந்து தொடங்குங்கள்

கேள்வி: நான் மடிப்பாக்கத்தில் வசிக்கிறேன். வயது 56. 2014-ல் வாங்கிய பெட்ரோல் ஹோண்டா சிட்டி வைத்திருக்கிறேன், இதுவரை பெரிய செலவு வைத்ததில்லை. வீட்டில் மனைவி, மகன், 78 வயது அம்மா. மாதம் ஒருமுறை எல்லோருமாகக் கும்பகோணம் போய்வருவோம். புது வண்டிக்கு ஆன்-ரோடு 15 லட்சம் வரை ஒதுக்கியிருக்கிறேன். எனக்கு மறுபடியும் செடான்தான், டிக்கி தனியாக நீண்ட அந்த மாதிரி கார்தான் ஆசை. சோழிங்கநல்லூரில் வேலை பார்க்கும் மகன், "இப்ப யாருப்பா செடான் வாங்குறாங்க? ரீசேல் இருக்காது. மழைக்கு எஸ்யூவிதான் சேஃப்" என்கிறான். தெருவில் எல்லோரும் அதையே சொல்கிறார்கள். போன வருடம் அம்மாவுக்கு ஒரு முழங்காலில் மூட்டு மாற்று ஆபரேஷன் நடந்தது. செடான் காலம் முடிந்துவிட்டதா? ஸ்பேர் கிடைக்குமா? பழைய வண்டியை என்ன செய்வது?

பதில்: வணக்கம் சார். ரீசேல், மழை, ஸ்பேர் என்று நிறைய எழுதிவிட்டு, அம்மாவின் முழங்காலுக்கு ஒரே ஒரு வரி கொடுத்திருக்கிறீர்கள். நான் சென்னையில் மோட்டார் இன்சூரன்ஸ் சர்வேயர். மோதிய வண்டி, மூழ்கிய வண்டி என்று பார்ப்பதுதான் என் அன்றாட வேலை. அந்த அனுபவத்தில் சொல்கிறேன், உங்கள் வீட்டில் செடானை விடுவதற்கு உருப்படியான காரணம் அந்த ஒரு வரியில்தான் இருக்கிறது. மகன் சொல்லும் மற்றவை, கொஞ்சம் தட்டிப் பார்த்தால் நிற்காது.

விற்பனைக் கணக்கை மட்டும் பார்த்தால் மகன் பக்கம்தான் நியாயம். 2024-25 நிதியாண்டில் நாட்டில் விற்ற ஏறக்குறைய 43 லட்சம் பயணிகள் வாகனங்களில் சுமார் 28 லட்சம் எஸ்யூவி, எம்பிவி (நிறைய பேர் போகும் குடும்ப வண்டி) வகையைச் சேர்ந்தவை. சிவிக்கும் கரோலா ஆல்டிஸும் 2020-லும், யாரிஸ் 2021-லும், எலான்ட்ரா 2022-லும், சியாஸ் 2025-லும் நின்றுபோயின. அமெரிக்காவிலும் ஃபோர்டு 2018-லேயே செடான்களைக் கைவிடப்போவதாக அறிவித்தது. செவர்லே மாலிபு 2024 நவம்பரோடு நின்றது. ஆனால் அதே அமெரிக்காவில் கேம்ரியும் அக்கார்டும் இன்றும் நன்றாக விற்கின்றன. இங்கே டிசையர் மாதா மாதம் அதிகம் விற்கும் கார்களின் வரிசையில் வருகிறது. அடிவாங்கியது உங்கள் சிட்டி மாதிரியான நடுத்தர சைஸ் செடான்தான். அதற்கு முதல் காரணம் வரி.

2006 பட்ஜெட்டில், நாலு மீட்டர் நீளத்துக்குள் அடங்கும் சிறிய இன்ஜின் கார்களுக்குக் கலால் வரியை 24 சதவீதத்திலிருந்து 16 ஆகக் குறைத்தார்கள். அன்று போட்ட கோடுதான் இன்றுவரை நம் ஊர்க் கார்களின் உருவத்தைத் தீர்மானிக்கிறது. செடானுக்கு மூன்று பகுதி வேண்டும். முன்னால் பானெட், நடுவில் ஆட்கள், பின்னால் டிக்கி. மூன்றையும் நாலு மீட்டருக்குள் அடைக்க வேண்டுமென்றால் எங்கேயாவது வெட்டித்தான் ஆக வேண்டும். 2008-ல் இண்டிகோ சிஎஸ் அப்படித்தான் வந்தது. 2012-ல் டிசையரும் டிக்கியை வெட்டிக்கொண்டு வந்தது. வாலறுந்த மாதிரி இருக்கிறது என்று அப்போது பலரும் முகம் சுளித்தார்கள். அதே நாலு மீட்டரில், டிக்கியைத் தனியாக நீட்டாமல் கூரையை உயர்த்தி, ஆட்களை நிமிர்த்தி உட்கார வைத்தால் காலுக்கும் இடம் கிடைக்கும், வண்டியும் பெரிதாகத் தெரியும். 2013-ல் ஈகோஸ்போர்ட், 2016-ல் விட்டாரா பிரெஸ்ஸா, 2017-ல் நெக்ஸான் என்று வரிசையாக வந்து ஓடியதற்கு இதுதான் அடிப்படை. நாலு மீட்டருக்குள் அழகாக அடங்கும் உருவம் எஸ்யூவிக்கு இயல்பாக வாய்த்தது, செடானுக்கு வாய்க்கவில்லை.

2025 செப்டம்பர் 22 முதல் இந்தக் கோடு இன்னும் அழுத்தமாகிவிட்டது. நாலு மீட்டருக்குள், பெட்ரோல் இன்ஜின் 1200 சிசிக்குள் இருந்தால் ஜிஎஸ்டி 18 சதவீதம். டீசலுக்கு 1500 சிசி வரை. இதைத் தாண்டினால் 40. அப்புறம் நம் தமிழ்நாட்டின் ஆயுட்கால வரி இருக்கிறது. 5 முதல் 10 லட்சம் வரையிலான காருக்கு 13 சதவீதம், 10 லட்சத்தைத் தாண்டினால் 18, 20 லட்சத்துக்கு மேல் 20. வரி சேர்க்காமல் 8 லட்சம் விலையுள்ள இரண்டு வண்டிகளை எடுத்துக்கொள்ளுங்கள். சின்னது ஜிஎஸ்டியோடு 9.44 லட்சம், ஆயுட்கால வரி சேர்ந்தால் 10.67 லட்சம் வரும். நீளமானது ஜிஎஸ்டியோடு 11.20 லட்சம், ஆயுட்கால வரியோடு 13.20 லட்சத்தைத் தாண்டும். இன்சூரன்ஸ் இன்னும் போடவில்லை, அதற்குள் இரண்டரை லட்சம் வித்தியாசம். சிட்டி, வெர்னா, விர்டஸ், ஸ்லாவியா என்ற நடுத்தர செடான்கள் நான்கும் இந்த இரண்டாவது பக்கம்தான்.

இந்த மாற்றத்தைச் சென்னை அளவுக்குக் கிட்டத்தில் பார்த்த ஊர் இல்லை. வண்டலூர்ப் பக்கம் ஸ்டாண்டர்ட் கம்பெனி ஹெரால்டு செய்த காலத்தை விட்டுவிட்டாலும், 1998-ல் திருவள்ளூரில் லான்சர், அடுத்த வருடம் மறைமலை நகரில் ஐகான், இருங்காட்டுக்கோட்டையில் ஆக்சென்ட் என்று நம்மைச் சுற்றியே செடான்கள் பிறந்தன. கொஞ்ச காலம் கழித்து அதே மறைமலை நகரில் ஈகோஸ்போர்ட், ஒரகடத்தில் டஸ்டர், இருங்காட்டுக்கோட்டையில் கிரெட்டா என்று எஸ்யூவிகள் வந்தன. முதல் காராக ஐகானோ ஆக்சென்டோ வாங்கிய தலைமுறை நம்முடையது. செடான் மீது உங்களுக்கு ஆசை விடாதது எனக்கு நன்றாகவே புரிகிறது.

கால் டாக்ஸி வந்த பிறகு இன்னொன்றும் நடந்தது. டிசையர், எட்டியோஸ், எக்ஸென்ட் என்று தெருவெல்லாம் மஞ்சள் போர்டில் செடான்கள் ஓட ஆரம்பித்ததும், சொந்தத்துக்கு அதையே வாங்கினால் டிராவல்ஸ் வண்டி மாதிரி இருக்கிறது என்று வீட்டுப் பிள்ளைகள் சொல்லத் தொடங்கினார்கள். இதற்கு நான் மதிப்பே கொடுக்க மாட்டேன். ஒரு நாளைக்குப் பல மணி நேரம் ஓட்டிப் பிழைக்கிறவர்கள் தேடி வாங்கும் வண்டி என்றால் அது அந்த வண்டிக்குக் கிடைத்த நற்சான்று.

ரோட்டு விஷயம் வேறு. அதில் எஸ்யூவி பக்கம் உண்மை இருக்கிறது. பழைய தாரைச் சுரண்டி எடுக்காமல் அதன் மேலேயே புதுத் தாரைப் போட்டுப் போட்டு, நம் ஊரில் பல தெருக்கள் வீட்டு வாசலைவிட உயர்ந்துவிட்டன. கேட்டுக்கும் ரோட்டுக்கும் நடுவே சிமென்ட் சரிவு போட்டிருப்போம். ஒவ்வொரு முறை ரோடு உயரும்போதும் அந்தச் சரிவு செங்குத்தாகிறது. மூக்கு நீண்ட செடான் அதில் ஏறி இறங்கும்போது முன் பம்பரின் கீழ் உதடு உரசும். உங்கள் சிட்டியின் முன் பம்பருக்குக் கீழே குனிந்து பாருங்கள். வலது, இடது மூலைகளில் பெயின்ட் போய்க் கறுப்பு பிளாஸ்டிக் தெரிந்தால் உங்கள் வாசல் சரிவு செடானுக்கு ஒத்துவரவில்லை என்று அர்த்தம். நடுவில் சைலன்சர் பைப்பில் மட்டும் கீறல் இருந்தால் அது ஸ்பீடு பிரேக்கர் வேலை. விதிப்படி ஸ்பீடு பிரேக்கர் 10 சென்டிமீட்டர் உயரம், 3.7 மீட்டர் அகலம் இருக்க வேண்டும். நம் தெருக்களில் இருப்பது குட்டையான அகலத்தில் எழுப்பிய சுவர். ஐந்து பேர் உட்கார்ந்து டிக்கியும் நிறைந்தால் செடான் அதில் தட்டத்தான் செய்யும். சரிவைக் கொத்தனாரை வைத்து நீட்டிவிடலாம், ஸ்பீடு பிரேக்கரைக் கோணலாக ஏற்றி இறக்கலாம். இரண்டுமே சமாளிக்கக் கூடியவைதான்.

இப்போது மழை. மடிப்பாக்கத்துக்காரரிடம் இதை விவரமாகச் சொல்ல வேண்டியதில்லை, இருந்தாலும் சொல்கிறேன். மழை எச்சரிக்கை வந்தாலே வேளச்சேரி மேம்பாலத்தில் கார்கள் வரிசை கட்டுகின்றன. அந்த வரிசையில் எஸ்யூவிகளும் நிறைய நிற்கின்றன, கவனித்திருப்பீர்கள். உங்கள் சிட்டியின் கிரவுண்ட் கிளியரன்ஸ், அதாவது தரைக்கும் வண்டியின் அடிக்கும் உள்ள இடைவெளி, 165 மில்லிமீட்டர். கிரெட்டாவுக்கு 190. நெக்ஸானுக்கு 208. வித்தியாசம் மிஞ்சிப் போனால் இரண்டு மூன்று விரல் அகலம். 2015 டிசம்பரிலும் 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலிலும் தெருவில் நின்ற தண்ணீருக்கு இந்த இரண்டு விரல் ஒரு பொருட்டே இல்லை. தரைக் கார்ப்பெட்டுக்கு மேல் தண்ணீர் ஏறிவிட்டால் எந்த உருவ வண்டியாக இருந்தாலும் ஒயரிங், சீட் ஃபோம், கீழே பொருத்திய எலக்ட்ரானிக் பெட்டிகள் எல்லாம் போச்சு.

ஓடும்போது இன்ஜினைக் காப்பாற்றுவது கிளியரன்ஸ் இல்லை. காற்று இழுக்கும் குழாயின் வாய் எந்த உயரத்தில் இருக்கிறது என்பதுதான். பானெட்டைத் திறந்தால் முன் கிரில்லுக்குப் பின்னால், ஏர் ஃபில்டர் பெட்டிக்குப் போகும் குழாய் தெரியும். பல கார்களில், செடானோ எஸ்யூவியோ, அது கிரில்லின் மேல் விளிம்பை ஒட்டித்தான் இருக்கும். தண்ணீரில் வேகமாகப் போனால் முன்னால் எழும் அலை அங்கே எட்டிவிடும். சிலிண்டருக்குள் தண்ணீர் போனால் பிஸ்டனால் அதை அழுத்த முடியாது, கனெக்டிங் ராடு வளைந்துவிடும். என் மேஜைக்கு வரும் வெள்ளக் கோப்புகளில் மனதுக்கு மிகவும் கஷ்டமாக இருப்பவை, நின்ற வண்டியை மறுபடி ஸ்டார்ட் செய்து பார்த்தவர்களுடையவை. தண்ணீர் ஏறியதால் வரும் சேதத்துக்கு முழு இன்சூரன்ஸ் பாலிசியில் வழி உண்டு. தண்ணீரில் ஸ்டார்ட் செய்து இன்ஜின் உடைந்தால், இன்ஜின் புரொடெக்ட் என்ற ஆட்-ஆன் (பாலிசியோடு தனியாகச் சேர்க்கும் காப்பு) இல்லாவிட்டால் பெரும்பாலும் அந்தப் பணம் கிடைக்காது. உயரமான வண்டி என்ற தைரியத்தில் தண்ணீரில் இறங்குகிறவர்களுக்குத்தான் இந்த ஆட்-ஆன் அதிகம் தேவைப்படுகிறது. மகனிடம் இதை அவசியம் சொல்லுங்கள்.

பாதுகாப்புக்கும் உயரத்துக்கும் நேரடி சம்பந்தம் கிடையாது. குளோபல் என்கேப் நடத்தும் மோதல் சோதனையில் விர்டஸ், ஸ்லாவியா, வெர்னா மூன்றும் ஐந்து நட்சத்திரம் வாங்கியவை. 2024-ல் புது டிசையரும் வாங்கியது. எடை கீழே இருக்கும் வண்டி திருப்பத்தில் சாய்வது குறைவு, திடீரென ஸ்டியரிங்கை ஒடித்தால் கவிழும் அபாயமும் குறைவு. விக்கிரவாண்டியில் பிரிந்து பண்ருட்டி, சேத்தியாத்தோப்பு, அணைக்கரை வழியாகப் போகும்போது எதிரே பஸ் ஓவர்டேக் செய்துகொண்டு வந்தால் சட்டென ஒதுங்க வேண்டியிருக்கும். அந்த ஒரு கணத்தில் செடான் தரும் பிடிமானம் பெரிய விஷயம். உயரமான வண்டிக்கு மாறினால் பழைய கை வேகத்தில் ஒடிக்காதீர்கள். பானெட் உயரமாக இருப்பதால் காருக்கு நேர் முன்னால் நிற்கும் சின்னப் பிள்ளை கண்ணில் படாது. தெருவில் பிள்ளைகள் விளையாடும் இடத்தில் இதை நினைவில் வைத்துக்கொண்டே வண்டியை எடுக்க வேண்டும்.

ரீசேல் பற்றி மகன் சொல்வது சரிதான். ஆனால் நீங்கள் ஒரு வண்டியைப் பத்து வருடத்துக்கு மேல் வைத்திருக்கிறவர். பத்து வருடம் ஆன பிறகு ஓடிய கிலோமீட்டரும் பராமரிப்பும்தான் விலை பேசும், உருவம் பேசாது. மூன்று வருடத்தில் மாற்றுகிறவர்களுக்குத்தான் அந்தக் கவலை. ஸ்பேரும் கம்பெனியைப் பொறுத்தது. 2021-ல் ஃபோர்டு இங்கே உற்பத்தியை நிறுத்துவதாக அறிவித்தபோது கலங்கியவர்களில் ஈகோஸ்போர்ட் வைத்திருந்தவர்களும் உண்டு, அது எஸ்யூவிதானே. மூன்றாம் நபர் இன்சூரன்ஸ் பிரீமியமும் சிசியைத்தான் பார்க்கிறது. 1000-லிருந்து 1500 சிசி வரை எந்த உருவத்துக்கும் ஒரே தொகை.

சரி, அம்மாவிடம் வருவோம்.

செடானில் ஏறுவது என்பது ஏறுவதே இல்லை, இறங்கி உட்காருவது. இருக்கை தாழ்வு, கூரையும் பின்பக்கம் சரிந்து வரும். அதனால் முழங்காலையும் மடக்க வேண்டும், தலையையும் குனிய வேண்டும், இரண்டும் ஒரே நேரத்தில். எழும்போது உடம்பின் முழுப் பாரமும் மடங்கிய காலில் விழுகிறது. மூட்டு மாற்றிய காலுக்கு இது வலி, மாற்றாத காலுக்கு அதைவிட வலி, ஏனென்றால் பாரத்தை எல்லாம் அதுதான் வாங்கிக்கொள்ளும். திண்டிவனத்தில் காபிக்கு நிறுத்தினால், "நீங்க போய்ட்டு வாங்க, நான் இப்படியே இருக்கேன்" என்று அம்மா வண்டியிலேயே உட்கார்ந்துவிடுகிறார்களா? அப்படியென்றால் அசதியைவிட, இறங்கி ஏறுவதற்குப் பயந்துதான் என்று எடுத்துக்கொள்ளுங்கள். வயதானவர்கள் அதை வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள்.

அதற்காகப் பெரிய மூன்று வரிசை எஸ்யூவியும் சரிப்படாது. அதில் காலைத் தூக்கி வைத்து உண்மையாகவே ஏற வேண்டும். இறங்கும்போது தரை எட்டாமல் கால் தொங்கும். அந்தத் தொங்கல் செடானைவிட ஆபத்து. அம்மாவுக்குத் தேவை நடுவாந்தர உயரம். ஒரு டேப் எடுத்துக்கொள்ளுங்கள். வீட்டில் யார் கையையும் பிடிக்காமல் அம்மா எழுந்திருக்கும் நாற்காலி எது என்று பார்த்து அதன் உட்காரும் உயரத்தை அளந்துகொள்ளுங்கள். ஷோரூமில் பின் சீட்டின் விளிம்பு தரையிலிருந்து எவ்வளவு உயரம் என்று அளந்து பாருங்கள். நாற்காலி அளவுக்குச் சமமாகவோ கொஞ்சம் மேலாகவோ இருக்க வேண்டும். கதவுக்கும் சீட்டுக்கும் நடுவில் கால் தாண்ட வேண்டிய படி எவ்வளவு அகலம் என்றும் பாருங்கள். அது அகலமாக இருந்தால் சீட் உயரம் சரியாக இருந்தும் பயன் இல்லை. அப்புறம் அம்மாவையே அழைத்துப் போங்கள். முதலில் சீட்டில் உட்கார்ந்துகொண்டு பிறகு இரண்டு காலையும் சேர்த்து உள்ளே திருப்பச் சொல்லுங்கள். கதவைப் பாதி மட்டும் திறந்தும் ஒருமுறை பாருங்கள், உங்கள் வீட்டு பார்க்கிங்கில் கதவு முழுசாகத் திறக்குமா என்பது உங்களுக்குத்தான் தெரியும். விற்பனைக்காரர் அவசரப்படுத்தினால் காத்திருக்கச் சொல்லுங்கள். 15 லட்சம் கொடுக்கப்போகிறவர் நீங்கள்.

இந்தச் சோதனையில் தாழ்வான சீட் அம்மாவுக்குக் கஷ்டம் என்று தெரிந்தால், தெரியும் என்றே நினைக்கிறேன், செடான் ஆசையை இந்த முறை விட்டுவிடுங்கள். நாலு மீட்டருக்குள் இருக்கும் எஸ்யூவி பாருங்கள். நெக்ஸான், வென்யூ, எக்ஸ்யூவி 3எக்ஸ்ஓ மாதிரி 1200 சிசிக்குள் பெட்ரோல் இன்ஜின் உள்ளவை 18 சதவீதப் பக்கம் வரும். பிரெஸ்ஸா நாலு மீட்டருக்குள் இருந்தாலும் இன்ஜின் 1462 சிசி என்பதால் 40 சதவீதப் பக்கம் போய்விடும், விலை ஒப்பிடும்போது இதைக் கவனியுங்கள். இந்த வகையில் உங்கள் பணத்துக்கு ஆறு ஏர்பேக், ஸ்டெபிலிட்டி கன்ட்ரோல் எல்லாம் உள்ள நல்ல வேரியன்டே கிடைக்கும். பெரிய டயர் உள்ள உச்ச வேரியன்ட் வேண்டாம், டயர் மாற்றும்போது கை கடிக்கும், குழியில் குலுங்கலும் அதிகம்.

இதில் ஒரு இழப்பு உண்டு. உங்கள் சிட்டியின் டிக்கி 510 லிட்டர், நெக்ஸானுடையது 382. கும்பகோணத்திலிருந்து அரிசி மூட்டையும் வாழைத்தாரும் ஏற்றிக்கொண்டு வரும் வழக்கம் இருந்தால் கொஞ்சம் குறைத்துக்கொள்ள வேண்டியிருக்கும். கூரையில் கேரியர் போட்டு அதில் பாரம் ஏற்றாதீர்கள். உயரமான வண்டிக்கு உச்சந்தலையில் எடை கூடவே கூடாது.

ஒருவேளை அம்மா செடானில் சிரமமில்லாமல் எழுந்து உட்கார்ந்தால், யார் பேச்சையும் கேட்காமல் செடானே வாங்குங்கள். புது விர்டஸ், ஸ்லாவியா, வெர்னா, சிட்டியில் ஆரம்ப வேரியன்ட்கள்தான் உங்கள் பட்ஜெட்டுக்கு ஒத்துவரும். மூன்று நான்கு வருடம் ஓடிய நல்ல செடான் வாங்கினால் இன்னும் லாபம். ரீசேல் இல்லை என்று மகன் சொல்கிறாரே, அந்தக் குறைந்த விலை வாங்குகிறவருக்குச் சாதகம்தானே. பேசி முடிப்பதற்கு முன் ஸ்டெப்னி கிடக்கும் குழியின் கார்ப்பெட்டைத் தூக்கி, அடியில் சேற்றுக் கோடோ துருவோ இருக்கிறதா என்று பாருங்கள். சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்துப் பாருங்கள், வெள்ளம் பார்த்த வண்டியில் உள்ளே சுருண்டிருக்கும் பகுதியில் கறை இருக்கும்.

பழைய சிட்டிக்கு 2029 வரை ஆர்.சி. இருக்கிறது. அதன் பிறகும் தகுதிச் சான்று வாங்கிப் புதுப்பிக்கலாம். பார்க்கிங்கில் இரண்டாவது வண்டிக்கு இடம் இருந்தால் விற்காதீர்கள், மகன் அதை சோழிங்கநல்லூருக்கு ஓட்டிக்கொண்டு போகட்டும். இடம் இல்லையென்றால் தெருவில் நிறுத்தி வெள்ளத்துக்குக் கொடுப்பதைவிட விற்பது மேல். விற்கும்போது பெயர் மாற்றத்துக்கான படிவம் 29, 30 கொடுத்து, ஆர்.சி. வாங்குபவர் பெயருக்கு மாறிவிட்டதா என்று நீங்களே உறுதி செய்துகொள்ளுங்கள். கூடவே இன்சூரன்ஸ் கம்பெனியில் நோ கிளெய்ம் போனஸ் கடிதம் கேட்டு வாங்குங்கள். அந்த போனஸ் வண்டியோடு போவதில்லை, உரிமையாளருக்கே உரியது. கிளெய்ம் இல்லாமல் ஐந்து வருடம் ஓட்டியிருந்தால் புது வண்டியின் சொந்தச் சேதப் பிரீமியத்தில் 50 சதவீதம் குறையும். ஷோரூமில் யாரும் இதை நினைவுபடுத்த மாட்டார்கள், அதனால் புக்கிங் செய்யும் அன்றே கேளுங்கள்.